ஏத்தத்துக்கா, எறக்கத்துக்கா?

“போறேன்.”

“போங்க.”

“அவ்வளவுதானா பூரணி?”

“வேற என்னா சொல்லணும்? போற ஆளக் கட்டி வைக்க எங்கிட்ட கயிறா இருக்கு?”

பேச்சு அத்தோடு முடிந்தது. நிரோஷன் பையைத் தோளில் மாட்டினான். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் சுவரில் சாத்தியிருந்த மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிகாலைப் பனிமூட்டத்துக்குள் இறங்கினான். மறுநாள் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள், எட்டாம் நம்பர் மலை வளைவுக்குக் கீழே மானாப்புல் மண்டிய பள்ளத்தில், அவனையும் சைக்கிளையும் கண்டார்கள். உயிர் எப்போதோ போயிருந்தது.

எட்டு மாதம் கழித்து, 2007 ஆனி மாதத்து மழையில் நனைந்தபடி பூரணி ஹட்டனுக்கு வந்தாள். புடவைக்கடை மாடியில் கேதீஸ்வரியின் துப்பறியும் அறையில் உட்கார்ந்து, அந்தப் பேச்சை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்புவித்தாள்.

கேதீஸ்வரி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ஹட்டனில் பதினெட்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்துவிட்டு, ஒருநாள் சோக்கட்டியை வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். காணாமல் போன மாப்பிள்ளைகள், கள்ளக் கையெழுத்துகள், மாறிப்போன பிறப்புச் சான்றிதழ்கள் என்று எத்தனையோ பார்த்துவிட்டாள். ஆனால் இவ்வளவு சின்னக் கேள்வியோடு எவரும் அந்த மாடிப்படி ஏறியதில்லை.

“அவர யாரும் தள்ளிவிடல டீச்சர். அது எனக்குத் தெரியும். அவரு போறப்ப விழுந்தாரா, வர்றப்ப விழுந்தாரா? அத மட்டும் கண்டுபுடிச்சிச் சொல்லுங்க.”

கேதீஸ்வரிக்கு உடனே விளங்கியது. அவன் ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லவில்லை. அவளும் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லவில்லை. வாசற்படியில் எந்த வீட்டிலும் தவறாத அந்த ஒரு சொல் அன்றைக்கு இரண்டு பேரிடமும் தவறிப்போயிருந்தது. கோபத்தில் விழுங்கிய சொல் எட்டு மாதமாக அவள் தொண்டையிலேயே நின்றது.

“இந்தக் கதையை வேற ஆருக்கும் சொன்னனீரோ பிள்ளை?”

“எங்க அம்மாவுக்குக் கூடச் சொன்னதில்ல. எப்படிச் சொல்லுவேன் டீச்சர்?”

மறுநாள் காலை கேதீஸ்வரியும் அவளுடைய உதவியாளன் பழனியாண்டியும் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பின்பக்கத்தில் நின்றார்கள். பழனியாண்டி பொகவந்தலாவைக்காரன். ஓட்டோ ஓட்டுவது அவன் தொழில். துப்பறிவது பக்கத் தொழில். வாய் மட்டும் முழுநேரத் தொழில்.

சைக்கிள் சாக்குகளுக்குப் பின்னால் சாத்திக் கிடந்தது. முன்சக்கரம் நெளிந்து எட்டு மாதத் தூசி படிந்திருந்தது. பூரணி நாலு எட்டுத் தள்ளியே நின்றுகொண்டாள்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன். பாருங்க, தலையக் குனிஞ்சி நிக்குது, குத்தம் செஞ்ச மாதிரி.”

உண்மையில் அது குனிந்துதான் நின்றது. கைபிடி இருக்கவேண்டிய உயரத்துக்கு இரண்டு விரல் தாழ்ந்திருந்தது.

“பொலிஸ்காரங்க எறக்கத்துல வேகமாப் போயி விழுந்தாருன்னு எழுதிட்டாங்க டீச்சர்,” என்றான் பழனியாண்டி. “அன்னைக்கிப் பகல் பூரா மழை. எப்ப விழுந்தாருன்னு டாக்டரால கூடச் சொல்ல முடியல.”

“வீடு மலை உச்சியில. லிந்துலை கீழ. இடையில ஒரே றோட்டு. போறவன் எண்டால் இறக்கம், வாறவன் எண்டால் ஏற்றம். அந்த வளைவில பள்ளம் எந்தப் பக்கம்?”

“ஏறி வர்றவனுக்கு எடது பக்கம்.”

“அப்ப சட்டப்படி இடதால வந்தவன்தான் பள்ளத்துக்குள்ள விழுந்திருக்க வேணும்.”

“சட்டமா? இந்த ரோட்டுல எடது வலதுன்னு யாரு பாக்குறா டீச்சர்? பஸ் வந்தா எந்தப் பக்கம் உசுரு இருக்கோ அந்தப் பக்கம்தான் ஒதுங்குவோம்.”

அந்தத் துப்பு அத்தோடு செத்தது. கேதீஸ்வரி குனிந்து சைக்கிளின் முன்கவையைப் பார்த்தாள். போர்க்கு என்று சைக்கிள்காரர்கள் சொல்வது. அதன் இரண்டு கால்களுக்குள்ளும் வில்லும் எண்ணெயும் இருக்கும். குழியில் இறங்கினால் அமுங்கி எழுந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். இந்தப் போர்க்கில் கூடுதலாக, இடது காலின் உச்சியில் நீல நிறத்தில் ஒரு குமிழ் இருந்தது.

“இது என்னத்துக்குப் பிள்ளை?”

பூரணியின் முகத்தில் ஒரு கணம் பழைய வெளிச்சம் வந்து போனது. “அவரு வெள்ளக்காரங்களுக்கு மலப்பாதையில வழி காட்டுற வேல பாத்தாருல்ல, அதுல ஒருத்தரு ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போன சைக்கிளு இது. ஏத்தம் வந்தா அந்தக் குமிழ ஒரு பக்கம் திருகிக் குட்டையாக்குவாரு. அப்பத்தான் முன்சில்லு தூக்காதாம். எறக்கம் வந்தா மறுபக்கம் திருகி நெட்டையாக்குவாரு. இல்லேன்னா குப்புற அடிச்சிரும்பாரு. கலியாணம் முடிச்ச புதுசுல இதையே எனக்குப் பாடம் நடத்துவாரு. நான் கொட்டாவி விடுவேன்.”

பழனியாண்டி துள்ளினான். “டீச்சர்! இப்ப குட்டையா இருக்கு! அப்படின்னா ஏத்தத்துல…”

பூரணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேதீஸ்வரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பின்வாங்கில் சத்தம் போடும் மாணவனை அடக்குகிற பார்வை.

“பொறும். இழுபட்டுப்போன அளவுநாடாவால அளந்தால் அளவு பொய் சொல்லும். உது எத்தனை வருசம் ஓடின சாமான்?”

“வந்து அஞ்சு வருசம்,” என்றாள் பூரணி. “கடைசிக் காலத்துல அடிக்கடி மக்கர் பண்ணுச்சி. முந்தின நாள் பூரா வீட்டுலதான் இருந்தாரு, தேய்ச்சிக் கழுவிக்கிட்டு. போற வழியில லிந்துலை செல்லசாமி பாஸ்கிட்ட காட்டணும்னு அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டாரு. நான்தான் காது குடுக்கல.”

நிரோஷன் வழிகாட்டியாக இருந்த கம்பனிக்காரர்கள் நுவரெலியாக் கிளையை மூடிவிட்டார்கள். நக்கிள்ஸ் மலைப்பக்கம் வேலை இருக்கிறது வா என்று கூப்பிட்டார்கள். போனால் மாதத்துக்கு ஒருதரம்தான் வீடு. சண்டை அதில்தான் தொடங்கியது.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை ஓட்டோவின் பின்சீட்டில் திணித்தார்கள். நெளிந்த முன்சக்கரம் கேதீஸ்வரியின் மடியில் வந்து உட்கார்ந்தது.

“நம்ம வண்டிக்கு மூணு சில்லு டீச்சர். இன்னைக்கி அஞ்சு சில்லு. லைசன்ஸ் மாத்தணும்.”

“றோட்டைப் பார்த்து ஓடும்.”

லிந்துலைக் கடைத்தெருவின் கோடியில் செல்லசாமி பாஸின் சைக்கிள் கடை; கைவேலைக்காரரை இந்தப் பக்கம் ‘பாஸ்’ என்பார்கள். ஐம்பது வயது, எண்ணெய்க் கை, குறைந்த பேச்சு. வாசலில் பழுது பார்த்து நிறுத்தியிருந்த எல்லாச் சைக்கிள்களிலும், அவர் முறுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் ஒரு பச்சைப் பொட்டு இருந்தது.

“பாஸ் சைக்கிளுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்காரு. பூ ஒண்ணுதான் பாக்கி,” என்றான் பழனியாண்டி.

“அது எனாமல் பெயிண்டு தம்பி. நான் முறுக்குனத வேற எவனும் தொட்டா பொட்டு ஒடஞ்சிரும். அப்புறம் என்மேல பழி சொல்ல முடியாதுல்ல.”

கேதீஸ்வரி வந்த காரியத்தைச் சொன்னாள். பாஸின் கைகள் வேலையை நிறுத்தின. ஓட்டோவுக்குள் இருந்த சைக்கிளை அவர் பார்க்கவே இல்லை.

“அந்தப் போர்க்கு செத்த சாமான்ம்மா. வெள்ளக்காரன் ஊருல வருசத்துக்கு ஒருக்கா பிரிச்சி, எண்ணெ மாத்தி, ரப்பரு மாத்துவான். இங்க மழையிலயும் சேத்துலயும் அஞ்சு வருசம் புடிச்சதே பெருசு. உள்ளுக்கு எண்ணெ ஒழுகி, ராத்திரி நிமித்தி வச்சா காலையில தானா குனிஞ்சிரும். குட்டையா இருக்குறத வச்சி நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அவர் அண்டைக்கு இஞ்ச வந்தவரோ?”

“இல்ல.”

மிகவும் சுருக்கமான ‘இல்ல’. சொன்ன பிறகு பாஸ் உள்ளே போய்விட்டார்.

எதிர்ச் சாரியில் தேநீர்க் கடை. பழனியாண்டி இரண்டு தேநீர் சொன்னான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அந்தப் புள்ளகிட்ட என்னா சொல்றது டீச்சர்? சுவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னாளே. நான்தான் அவசரப்பட்டு… வந்தாருன்னே சொல்லிருவோமா? யாருக்கு என்னா நட்டம்?”

“பொய்யோ?”

“புண்ணியம்.”

“பழனியாண்டி, அந்தப் பிள்ளை எட்டு மாசமா தனக்குத்தானே அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்திருக்கும். நம்ப ஏலாமல்தான் எங்களிட்ட வந்தது.”

அவள் எழுந்து ஓட்டோவுக்குப் போனாள். சைக்கிளை இறக்கச் சொல்லி, போர்க்கின் இரண்டு நுனிகளையும் தரையில் ஊன்றி, கைபிடியில் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினாள். போர்க்கு அமுங்கியது. கையை எடுத்தாள். விசுக்கென்று எழும்பி, பழைய உயரத்திலேயே நின்றது. பத்துத் தரம் அமுக்கினாள். பத்துத் தரமும் அதே உயரம். நீலக் குமிழைத் திருகினாள். அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மயிரளவும் ஏறவில்லை, இறங்கவில்லை.

“எங்க மாமனாருக்கு நான் சொல்ற புத்திமதி மாதிரி இருக்கு. சுத்துது, புடிக்கல,” என்றான் பழனியாண்டி.

“ஓம், திருகுப் புரி தேய்ஞ்சு போச்சு. ஆனால் எண்ணெய் ஒழுகின போர்க்கு அமுக்கினால் எழும்பாது. இது எழும்புது. ஒழுகின எண்ணெய் எங்க? கால் ரெண்டும் காஞ்சு கிடக்கு. களைச்சுக் குனிஞ்ச சாமான் இல்லை இது. ஆரோ குனிய வைச்சுப் பூட்டியிருக்கினம்.”

அவள் கைக்குட்டையால் குமிழைச் சுற்றியிருந்த தூசியைத் துடைத்தாள். குமிழுக்கு அடியிலிருந்த மூடிக்கும் கவைக்கும் இடையில் ஒரு பச்சைப் பொட்டு. உடையாத பொட்டு.

“பாஸ்!” என்றான் பழனியாண்டி, மூச்சை உள்ளிழுத்து.

“பொட்டை மட்டும் பாராதையும். பொட்டுக்குள்ள என்ன இருக்கு?”

பழனியாண்டி கண்ணைச் சுருக்கினான். பச்சை வண்ணத்துக்குள் பாதி புதைந்து, நகத்தளவு நீளத்தில் ஒரு மானாப்புல் துணுக்கு. அதைச் சுற்றி இரண்டு மூன்று மண் பரல்கள்.

“ஒட்டியிருக்கு. அதுக்கு என்னா?”

“காய்ஞ்ச வண்ணத்தில புல்லு ஒட்டுமோ? ஒட்டினாலும் மேலதான் நிக்கும், உள்ளுக்கு இறங்காது. இந்த மழைக் குளிரில எனாமல் காய ஒரு நாள் வேணும். பள்ளத்தில விழேக்கை பொட்டு ஈரம். அப்ப பொட்டு வைச்சது எப்ப?”

“அன்னைக்கே!” பழனியாண்டியின் குரல் உடைந்தது. “முந்தின நாள் பூரா சைக்கிளு வீட்டுல. அன்னைக்கி விடியலதான் எறங்கியிருக்காரு. லிந்துலைக்கு வந்து, பாஸ்கிட்ட வேல செஞ்சி, பொட்டு வச்சி… அப்புறம்தான் பள்ளம். பள்ளம் இங்கருந்து மேல, மலையில இருக்கு. டீச்சர், அவரு கீழ வந்து சேந்துட்டாரு! திரும்பி ஏறித்தான் போயிருக்காரு!”

கேதீஸ்வரி தலையாட்டினாள். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் ‘ஏன்’ என்பது அந்தக் கடைக்குள் இருந்தது.

அவர்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது செல்லசாமி பாஸ் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பச்சைப் பொட்டை அவர்முன் காட்டி கேதீஸ்வரி தணிந்த குரலில் சொன்னாள்: “இதைத் திறவுங்கோ, பாஸ்.”

“வேணாம்மா.”

“ஏன்?”

“தொறக்காதீங்க. நான் கையெடுத்துக் கும்புடுறேன்.”

“திறக்காமல் எட்டு மாசம் இருந்திட்டீங்கள். நித்திரை வந்ததோ?”

 பாஸ் எழுந்து நட்டு முறுக்கும் சாவியை எடுத்தார். தன் பொட்டைத் தானே உடைத்தார். குமிழ் கழன்றது, மூடி கழன்றது. போர்க்கைக் கவிழ்த்ததும் எண்ணெய் வழிய வில் வெளியே வந்தது. அதன் நடுத்தண்டில் கோத்தபடி இரண்டு விரல் நீளத்தில் ஒரு கறுப்புத் தண்ணீர்க் குழாய்த் துண்டு இருந்தது.

அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார். நகத்தால் ஓரம் முழுக்கத் தடவினார். ஒரு கீறல் இல்லை.

“ஒடையல,” என்றார். “ஒடையல தாயே.” அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

பழனியாண்டி கடைப்பையனைப் போல ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்துவிட்டு பாஸ் பேசினார்.

“உள்ளுக்குப் புரி போயிருச்சி. ஓடுறப்பவே திடீர்னு எறங்கும், திடீர்னு ஏறும். சாமான் கொழும்புலயும் இல்ல. உள்ள பைப்புத் துண்டு வச்சி ஒரு ஒயரத்துல நிப்பாட்டிப் பூட்டித் தரலாம் நிரோஷா, இனிமே மாத்த முடியாதுன்னேன். ஏத்தத்துக்கா, எறக்கத்துக்கான்னு கேட்டேன். அதுக்கு முந்தி அரை மணியா அந்த பெஞ்சில உக்காந்து மழையப் பாத்துக்கிட்டே இருந்துச்சி அந்தப் புள்ள. ரெயிலு தலவாக்கலையில பத்து மணிக்கு. நான் கேட்டதும் சிரிச்சிச்சி. ‘ஏத்தத்துக்கே வச்சிருங்க பாஸ். எறங்குற வேல இன்னையோட சரி’ன்னுச்சி.”

“ஏன் எண்டு கேக்கேல்லையோ?”

“கேட்டேன். பெரிய வேலய வுட்டுட்டு வீட்டுக்கா போறன்னு. அதுக்கு அது சொன்னத இன்னைக்கி வரைக்கும் மறக்கல. ‘என் வீட்டுக்காரி காலையில போங்கன்னு மட்டும்தான் சொன்னா பாஸ். மிச்ச வார்த்தையப் போயி வாங்கிக்கிட்டுத்தான் மத்த கத’ன்னுச்சி.”

 அந்தப் ‘போங்க’ பூரணிக்கும் நிரோஷனுக்கும் மட்டும் தெரிந்தது. மூன்றாவதாகக் கேதீஸ்வரிக்கு. நான்காவது ஆள் அதைச் சொல்வதென்றால், அது நிரோஷன் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும். எந்த நீதிமன்றத்துக்கும் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

“பத்து மணிக்கு ரெயிலுக்குப் போகாம மலை ஏறிப் போச்சி. மறுநாள் சேதி வருது. என் பைப்புத் துண்டுதான் ஒடஞ்சி, போர்க்கு உள்ள எறங்கி ஆளக் கவுத்திருச்சின்னு நெனச்சேன். வெளிய சொல்ல வாய் வரல. எண்ணெ ஒழுகுதுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். பள்ளத்துல விழுந்தவனோட நானும் அங்கயேதான் கெடக்கேன்ம்மா.”

“உங்கட துண்டு இன்னும் பத்து வருசத்துக்கு உடையாது. அந்த வளைவில மதகுக்குப் பக்கத்தில றோட்டோரம் அரிஞ்சு போய்க் கிடக்கு, வரேக்கை பார்த்தனான். ஈர மண், ஏறி வந்தவனுக்கு இடது பக்கம். மண்தான் இறங்கினது. நீங்கள் செய்தது இல்லை.”

பழனியாண்டி கையை நீட்டி பாஸைத் தூக்கிவிட்டான். 

போர்க்கைத் திரும்பப் பூட்டி, பாஸ் புதிதாக ஒரு பச்சைப் பொட்டு வைத்தார். நெளிந்த சக்கரத்தைத் தட்டி நிமிர்த்தி மாட்டினார். பிறகு யாரும் அழைக்காமலே ஓட்டோவில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஓட்டோ மலை ஏறியது. வளைவில் ஒரு கணம் நிறுத்தச் சொன்னார் பாஸ். கீழே பார்க்காமல், மேலே லயத்துக் கூரைகளைப் பார்த்தார். அங்கிருந்து அவை தெரிந்தன. இன்னும் அரை மைல்கூட இல்லை.

பூரணி பிள்ளை மடுவத்தில் ஆயாவாக வேலை. தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போன பிறகு, தொட்டில் சேலைகளை மடித்துவிட்டு, வீட்டு வாசலுக்கு வந்திருந்தாள். ஓட்டோவிலிருந்து சைக்கிள் இறங்குவதைக் கண்டதும் முகம் இறுகியது.

“ஏன் இங்க கொண்டாந்தீங்க?”

கேதீஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. “வரேக்கைதான் விழுந்தவர் பிள்ளை. வீட்டை வந்துகொண்டிருந்தவர்.”

“என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க.”

“பாஸ், நீங்களே சொல்லுங்கோ.”

செல்லசாமி பாஸ் தலைகுனிந்தபடி சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து மழை பார்த்ததை, ஏத்தத்துக்கே வைக்கச் சொன்னதை. கடைசியில் அந்த ஒரு வாக்கியத்தை, அவன் சொன்ன மாதிரியே.

“…போங்கன்னு மட்டும்தான் சொன்னா பாஸ். மிச்ச வார்த்தையப் போயி வாங்கிக்கிட்டுத்தான் மத்த கத.”

பூரணியின் கை வாயைப் பொத்தியது. கேதீஸ்வரியைப் பார்த்தாள். கேதீஸ்வரி மெதுவாகத் தலையசைத்தாள்: நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

லயத்தில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பழனியாண்டி சைக்கிளை வாசலுக்கு நேரே கொண்டுவந்து பிடித்துக்கொண்டு நின்றான். பூரணி படியிறங்கி வந்தாள். முந்தானையால் சீட்டைத் துடைத்தாள், கைபிடியைத் துடைத்தாள், நீலக் குமிழைத் துடைத்தாள். பச்சைப் பொட்டில் விரல் படாமல் ஒதுக்கித் துடைத்தாள். பிறகு பழனியாண்டியின் கையை விலக்கிவிட்டு, குனிந்து நின்ற கைபிடியை இரண்டு கையாலும் பற்றினாள்.

வாய் திறந்தது.  எட்டு மாதம் நின்ற இடத்திலிருந்து அந்தச் சொல் வரவேண்டியிருந்தது.

“வாங்க,” என்றாள். “வீட்டுக்கு வாங்க.”